சிங்கக்கொடி ஏன் இரண்டெழுத்தாகிறது?

போனில் மஞ்சளாகத் தெரிந்த பிறை தாளில் கறுப்புக் கோடாக வந்தால், அநேகர் முதலில் சந்தேகப்படுவது பிரிண்டரைத்தான். கலர் மை முடிந்துவிட்டது, காட்ரிட்ஜ் அடைத்துக்கொண்டது என்று பேச்சுப் போகும். மைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. தாளுக்குப் போகுமுன், திரையிலேயே அந்தப் பிறை கறுத்துவிட்டது. அதைக் கறுக்க வைத்தது எழுத்து வரைகிற மென்பொருள்.

வரிப்பத்தான்சேனை, இறக்காமம், அக்கரைப்பற்று, சம்மாந்துறை என்று எங்கள் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் பெருநாள் கிழமைகளில் இது வழக்கமாக நடக்கிற சங்கதி. வாழ்த்தை வட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டு வருவார்கள்: ஒரு பிறை, ஒரு பள்ளிவாசல், கடைசியில் நாட்டுக் கொடி. கடைக்காரர் அதைக் கணினியில் வட்ஸ்அப் வெப்பில் திறந்து, கொப்பி பண்ணி, பழைய வேர்ட் ஒன்றில் எழுத்தாக மட்டும் ஒட்டுவார். பிறை கறுக்கும். பள்ளிவாசல் வெறுங்கோட்டு உருவமாகும். கொடி இருந்த இடத்தில் ஆங்கில எல், கே என்று இரண்டு எழுத்துகள் நிற்கும்.

"நானா, கொடியக் காணல்ல, ரெண்டு எழுத்துத்தான் வந்திரிக்கி."

"போன்ல சரியாத்தானே தம்பி இரிக்கி."

இருவர் சொல்வதும் உண்மை. பிறை கறுத்ததற்குக் காரணம் ஒன்று, கொடி எழுத்தானதற்குக் காரணம் வேறொன்று. இரண்டையும் விளங்கிக்கொள்ள, அந்த வாழ்த்துக்குள் உண்மையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்குள் படம் எதுவும் இருக்கவில்லை. எண்கள்தான் இருந்தன. பிறைக்கு 127769, பள்ளிவாசலுக்கு 128332. யுனிகோட் என்ற உலகப் பொது அட்டவணை தமிழ் அகரத்துக்கு 2949 என்று எண் கொடுத்ததுபோலவே இவற்றுக்கும் கொடுத்திருக்கிறது. 1999இல் ஜப்பானின் டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகேதக்கா குரிதா 12க்கு 12 பிக்சல் கட்டத்துக்குள் 176 சிறு படங்களை வரைந்தார். அப்படி ஜப்பானியக் கைபேசிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த எமோஜிகளை 2010 ஒக்டோபரில் வெளியான யுனிகோட் 6.0 உலகப் பொதுவாக்கியது. பள்ளிவாசலும் கஃபாவும் ஜெபமணியும் 2015இல், 8.0 பதிப்பில் வந்தன. முக்காடு அணிந்த பெண்ணின் எமோஜி 2017இல் வந்தது. பெர்லினில் வசித்த ரயூஃப் அல்ஹுமைதி என்ற சவூதிச் சிறுமி 15 வயதில் முன்வைத்த கோரிக்கையின் பலன் அது. தன்னைப்போல் ஒரு பெண் அந்த அட்டவணையில் இல்லையே என்பதுதான் அவருடைய வாதம். நியாயமான வாதம்.

எண் அட்டவணையுடையது, உருவம் எழுத்துருவுடையது. இந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய விடயம் என்பது, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. அந்த இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பதால்தான் தமிழாகத் தெரிகிறது. பாமினி இல்லாத போனுக்கு அதை அனுப்பினால் அம்மா போய், ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டும் போய்ச் சேரும். அதே வரியின் கடைசியில் ஒரு சிவப்பு இதயம் வைத்திருந்தால் அது மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும். எமோஜிக்கு உலகப் பொது எண் இருக்கிறது, பாமினித் தமிழுக்கு இல்லை. தமிழுக்கு யுனிகோட்டில் இடம் இருந்தும், இலங்கைக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இல் வந்தும், இன்னும் பல மேசைகளில் பாமினிதான் ஓடுகிறது. இதயம் பிழைக்கிறது, அம்மா பிழைப்பதில்லை. இது எனக்கு மிகவும் கவலை தருகிற நிலைமை.

இனி நிறத்துக்கு வருவோம்.

அச்சு தொடங்கிய காலத்திலிருந்து எழுத்துக்கு ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் உண்டு. உருவத்தைக் கொடுப்பது எழுத்துரு, நிறத்தைத் தீர்மானிப்பது எழுதுகிறவர். கணினிக்கும் அதுவே வந்தது. "இந்த எழுத்தை இந்த நிறத்தில் போடு" என்று மென்பொருள் சொல்லும், இயங்குதளம் போடும். பல பத்தாண்டுகளாக ஓடிய நிரல்களெல்லாம் இதை நம்பி எழுதப்பட்டவை. எமோஜி இந்த ஒப்பந்தத்தை உடைத்தது. பிறையின் மஞ்சளை எழுதுகிறவர் தெரிவு செய்வதில்லை. அது எழுத்துருக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை மென்பொருள் தானாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரியாத மென்பொருள், பழைய வழக்கப்படி உருவத்தை மட்டும் வாங்கிக் கறுப்பில் போட்டுவிடும்.

நிறத்தைக் கோப்புக்குள் எப்படி வைப்பது என்பதில் பெரிய நிறுவனங்கள் ஆளுக்கொரு வழி போயின. அப்பிள் ஒவ்வொரு எமோஜியையும் சில அளவுகளில் படமாகச் செய்து கோப்பில் அடுக்கியது. கூகுளும் படம்தான் வைத்தது, ஆனால் வேறொரு அமைப்பில். அதன் நோட்டோ எமோஜி எழுத்துருவில் ஒவ்வொன்றும் 136க்கு 128 பிக்சல் படம். மொசில்லாவும் அடோபியும் கோட்டோவியமாக வைக்கும் வழியை முன்வைத்தன. மைக்ரோசொஃப்ட் 2013இல் விண்டோஸ் 8.1உடன் கொண்டுவந்த வழி, கல்யாண அட்டையை ஸ்கிரீன் பிரிண்ட் போடுவது போன்றது: ஒரு நிறத்துக்கு ஓர் அச்சு என்று சாதாரண எழுத்துருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்த அடுக்குக்கு எந்த நிறம் என்று பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்தார்கள். நான்கு வழிகளும் பின்னர் ஓப்பன்டைப் என்ற ஒரே தரத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. எது சரி என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை, நான்கையும் வைத்துக்கொண்டார்கள். இந்த இணக்கத்துக்கு விலை கொடுப்பவர்கள் நிரலாளர்கள். ஒரு மென்பொருள் சரியாக நடக்க வேண்டுமானால் நான்கு பாஷையும் பேச வேண்டும்.

இந்த வேறுபாட்டை அறிந்தால், திரையில் தெரிகிற பிழையை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். பள்ளிவாசல் கறுப்புக் கோட்டுருவமாகத் தெரிந்தால், எழுத்துருவில் நிறம் இருக்கிறது, மென்பொருள்தான் கேட்கவில்லை. மைக்ரோசொஃப்ட் வழியில் அடுக்குகளுக்கு அடியில் ஒரு நிறமற்ற உருவமும் இருக்கும், அதுதான் வெளியே வந்திருக்கிறது. விண்டோஸின் பழைய வரைகலை நூலகமான ஜிடிஐ வழியே எழுத்தைப் போடும் மென்பொருள்களின் நிலை இது. புதிய நூலகமான டைரக்ட்ரைட்டிலும், நிற எழுத்துரு வேண்டுமென்று நிரலில் ஒரு தெரிவைத் தனியாக இயக்க வேண்டும். கறுப்புக்குப் பதில் வெறும் இடைவெளி தெரிந்தால், அது படம் மட்டுமே உள்ள எழுத்துரு, அந்தப் படத்தைத் திறக்கத் தெரியாத மென்பொருள். சதுரப் பெட்டி வந்தால் அந்த எண்ணுக்கு உருவமுள்ள எழுத்துருவே கணினியில் இல்லை. 2019இல் ஆட்டோ, புடவை, அகல்விளக்கு எமோஜிகள் வந்தபோது பழைய கணினிகளில் அவை பெட்டிகளாகத்தான் தெரிந்தன. எமோஜி மட்டும் பக்கத்து எழுத்தைவிடப் பூதாகாரமாக நின்றால், அந்த 136 பிக்சல் படத்தைச் சுருக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதே படத்தைப் பத்தடி பெனருக்குப் பெருப்பித்தால் விளிம்பெல்லாம் படிக்கட்டாகிவிடும். பெனர் அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். படம் வைத்த எழுத்துரு திரைக்கு உகந்தது, சுவருக்கு அல்ல.

லினக்ஸில் நடந்தது இன்னும் நெருங்கிப் பார்க்கத் தக்கது. அங்கே எழுத்துருவைத் திறந்து உருவத்தை எடுத்துக் கொடுப்பது ஃப்ரீடைப் என்ற நூலகம். சாதாரண எழுத்துக்கு அது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஓர் எண்ணைத் தரும், 0 முதல் 255 வரை. இந்தப் பிக்சலை எழுத்து எவ்வளவு மூடுகிறது என்பதே அந்த எண். நிறத்தை மென்பொருள் பிறகு பூசிக்கொள்ளும். எமோஜிக்கு ஒரு பிக்சலுக்கு நான்கு எண்கள் வரும்: நீலம், பச்சை, சிவப்பு, ஒளிபுகாமை. 2013இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து ஃப்ரீடைப் இதைத் தரத் தொடங்கியது. ஆனால் கொடுப்பவர் தயாராகிவிட்டால் போதாது, வாங்குபவரும் தயாராக வேண்டும். ஒன்றை எதிர்பார்த்துக் கைநீட்டிய மென்பொருளிடம் நான்கு வந்து விழுந்தால் என்ன ஆகும்? எக்ஸ்எஃப்டி என்ற பழைய நூலகத்தை நம்பிய சிறு மென்பொருள்கள், ஜன்னல் தலைப்பில் ஒரேயொரு எமோஜி வந்தாலே செத்து விழுந்தன. அந்தக் குறை 2022இல், 2.3.5 பதிப்பில்தான் தீர்ந்தது. பலரும் நம்பியிருக்கும் கெய்ரோ வரைகலை நூலகம் 2017இலேயே நிற எமோஜியை ஏற்றுக்கொண்டது.

நான்கு எண்களை வாங்கத் தெரிந்தபின்னும் தவறுக்கு இடம் உண்டு. நீலத்தையும் சிவப்பையும் மாற்றி வாசித்துவிட்டால் மஞ்சள் முகம் வெளிர்நீல முகமாகும். ஃப்ரீடைப் தருகிற நிறங்கள் ஒளிபுகாமையால் முன்னரே பெருக்கப்பட்டவை. தெரியாமல் இன்னொரு முறை பெருக்கினால் எமோஜியைச் சுற்றி ஓர் அழுக்கு வளையம் படியும். வெள்ளைப் பின்னணியில் அது பளிச்சென்று தெரியும்.

இன்னொரு விசித்திரமான பிழையும் உண்டு. நோட்டோ எமோஜி எழுத்துருவுக்குள் 0 முதல் 9 வரை இலக்கங்களும் இருக்கின்றன. கட்டத்துக்குள் இருக்கும் 1, 2 போன்ற எமோஜிகள் சாதாரண இலக்கத்துடன் இரண்டு கட்டளைக் குறிகள் சேர்ந்து உருவாவதால், இலக்கத்துக்கும் அங்கே இடம் வேண்டியிருக்கிறது. எந்த எழுத்துருவை முதலில் தேடுவது என்ற வரிசையில் தமிழ் எழுத்துருவுக்கு முன்னால் எமோஜி எழுத்துருவை வைத்துவிட்டால், பில்லில் உள்ள தொகையும் தொலைபேசி இலக்கமும் எமோஜி எழுத்துருவிலிருந்து வந்து, அகன்று, இடைவெளி விட்டு விட்டு நிற்கும். எமோஜி எழுத்துருவின் இடம் வரிசையின் பின்பக்கம். எமோஜி என்று உறுதியாகத் தெரிகிற இடத்தில் மட்டுமே அதை முன்னே அழைக்க வேண்டும்.

அந்த உறுதியைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. இதயக் குறியின் எண் 10084. அது எமோஜிக் காலத்துக்கு முந்தியது, இயல்பில் கறுப்பு. அதன் பின்னால் 65039 என்ற காணாத குறி வந்தால் "நிறத்தில் காட்டு" என்று பொருள். 65038 வந்தால் "எழுத்தாகக் காட்டு" என்று பொருள். தேவையற்ற குப்பை என்று எண்ணி இதை அகற்றிவிடும் மென்பொருள்கள் உண்டு. அவற்றில் சிவப்பு இதயம் துக்க அறிவித்தல் போலக் கறுத்து நிற்கும்.

இதைவிட முக்கியமான காணாத எழுத்து 8205, இணைப்பான். தாய், தகப்பன், பிள்ளை என்று மூன்று எமோஜிகளுக்கு நடுவே இதை இட்டால் மூன்றும் சேர்ந்து ஒரே குடும்பப் படமாகும். இணைப்பானைத் தவறவிட்டால் குடும்பம் பிரிந்து மூன்று பேராக நிற்கும். இலங்கையர் இதை எமோஜிக்காரர்களின் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. சிங்களத்தில் ஸ்ரீ என்று எழுதுவதற்கும் இதே 8205தான் தேவை. அதை அகற்றினால் நாட்டின் பெயரே உடைந்து தெரியும். குடும்ப எமோஜியை உடைக்கிற நிரல்வரி எதுவோ, அதுவே ஸ்ரீலங்காவையும் உடைக்கிறது.

தமிழும் இதற்கு வெளியே இல்லை. 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வந்து நிற்க வேண்டும். கோப்பிலோ ககரமும் அதன்பின் ஒரு குறியும் மட்டும் இருக்கும். எண்களின் வரிசையைப் பார்த்து எது முன்னே, எது பின்னே, எது எதோடு ஒட்டும் என்று தீர்மானிக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்கள் செய்கின்றன. குரோம், ஃபயர்பொக்ஸ், அண்ட்ராய்ட் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. லிப்ரே ஒஃபிஸ் 2017இல் 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறியது. தமிழின் கொம்பையும் எமோஜிக் குடும்பத்தையும் ஒரே பட்டறையில்தான் பூட்டுகிறார்கள். 'ஓர் எண்ணுக்கு ஓர் உருவம்' என்று ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய மென்பொருள்களில் தமிழ் பல ஆண்டு சிதைந்து கிடந்தது. அப்போது நாங்கள் முறையிட்டபோது கேட்க ஆள் குறைவு. எமோஜி சிதைந்தபோது உலகமே முறையிட்டது. அதனால் எங்களுக்கும் நன்மை கிடைத்தது. 65,535க்கு மேற்பட்ட எண்களைக் கையாளத் தெரியாதிருந்த மென்பொருள்கள் எமோஜிக்காகவே திருத்தப்பட்டன. மாகாணி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யுனிகோட் 12.0இல் இடம்பெற்றபோது, அவற்றின் எண்கள் 73,664இலிருந்து தொடங்கின. ஆட்டோவும் புடவையும் வந்த அதே பதிப்புத்தான் அது. எமோஜி வெட்டிய பாதையில் மாகாணியும் வருகிறது.

கொடிக்கு வருவோம். நாட்டுக் கொடிகளுக்கென்று தனி எண்கள் கிடையாது. எந்தெந்தப் பிரதேசம் நாடு என்ற வழக்கில் தலையிடாமல் தப்பிக்க யுனிகோட் ஒரு வழி கண்டது: 26 ஆங்கில எழுத்துகளுக்கும் விசேட எண்கள் கொடுத்து, இரண்டைச் சேர்த்தால் அந்த நாட்டுக் குறியீட்டின் கொடி என்று வைத்துவிட்டது. 127473 என்பது எல், 127472 என்பது கே. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் வாளேந்திய சிங்கத்தை வரைய வேண்டியது எழுத்துருவின் பொறுப்பு. விண்டோஸின் சொந்த எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லை. தகராறுள்ள எல்லைகளின் வம்பு வேண்டாம் என்பதே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். கடற்கொள்ளையர் கொடிக்கு அங்கே இடமுண்டு, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இல்லை. இது சரியான முடிவென்று என்னால் ஏற்க முடியவில்லை. வட்ஸ்அப் வெப் தன் சொந்தப் படங்களை வைத்துக் காட்டுவதால் அங்கே கொடி தெரிகிறது. வேர்டில் ஒட்டியதும் விண்டோஸ் எழுத்துருவின் கைக்குப் போய் இரண்டெழுத்தாகிறது. ஃபயர்பொக்ஸ் ட்வெமோஜி என்ற எழுத்துருவைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் விண்டோஸிலும் கொடியைக் காட்டிவிடுகிறது. அவசரத்துக்கு அதில் திறந்து அங்கிருந்தே அச்சடிக்கலாம். இல்லையேல் கொடியைப் படமாகச் செருகுவதுதான் வழி.

பிடிஎஃப் ஆக்கும்போது மறுபடி நிறம் தொலைவதும் உண்டு.  லிப்ரே ஒஃபிஸ் 2023இல் 7.5 பதிப்பில் இதைச் சீர்செய்தது. அந்த வேலையில் முக்கிய பங்கு எகிப்தைச் சேர்ந்த காலித் ஹுஸ்னியுடையது. கெய்ரோ நகரின் பூலாக் அச்சகத்து எழுத்தழகை ஒட்டி அமீரி என்ற அறபு எழுத்துருவை ஆக்கியவரும் அவரே. அமீரி குர்ஆன் எழுத்துருவில் நிறமுள்ள வடிவம் ஒன்று உண்டு: மூல எழுத்து கறுப்பிலும், மேலும் கீழும் இடும் குறிகள் வேறு நிறங்களிலும் இருக்கும். அதைச் செய்திருப்பது எமோஜிக்குப் பயன்படும் அதே நிற அடுக்கு முறையால். மதரசாவுக்குப் பாட ஏடு தயாரிப்பவருக்கு இதன் பயன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அடுக்கு முறையின் இரண்டாம் வடிவம் நிறக் கலவைகளையும் ஏற்கிறது. 2022இல் குரோம் 98 அதை ஏற்றபோது, படங்களாக 9 மெகாபைட் அளவிலிருந்த நோட்டோ எமோஜி, சுருக்கிய நிலையில் 2 மெகாபைட்டுக்கும் குறைவாக வந்தது. பெனருக்கும் அதுதான் ஏற்றது, எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு கலையாது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் எங்கள் பாடசாலைகளிலும் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளில் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தால், அதை 'ஹலோ' என்று அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். யுனிகோட்டில் 'கொ' அடியுங்கள், சிங்களத்தில் ஸ்ரீ அடியுங்கள், அதே வரியில் மாநிறத்து முக்காட்டுப் பெண்ணையும், சிவப்பு இதயத்தையும், குடும்பத்தையும், சிங்கக்கொடியையும் வையுங்கள். பிறகு பின்னழி விசையை அழுத்தி ஒவ்வொன்றாக அழியுங்கள். கொடி ஒரே அழுத்தத்தில் முழுதாகப் போகாமல் எல் என்ற எழுத்து மட்டும் மிஞ்சினால், அந்த மென்பொருளைக் கடைக்காரர் கையில் இன்னும் கொடுக்காதீர்கள்.